'டிஸ்கஸ்டிங்' – யாருக்கு?

முதலாம் ஆண்டின் மூன்றாவது வாரம். ஆங்கில மொழி வகுப்பு. விடுதி வாழ்க்கையைப் பற்றி ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார் விரிவுரையாளர். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி வழியாகப் பல்கலைக்கழகத்திற்கு வந்தவள். ஆங்கிலம் என்றால் உள்ளங்கை வியர்க்கும். இருந்தாலும் முதல் நாளிரவே கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்து ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். எங்கள் மாடிக் குளியலறையில் வடிகால் அடைத்துக்கொண்டு, மூன்று நாளாக அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்ற கதையைச் சொன்னேன். எனக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்தது என்பதை எல்லாரும் உணரட்டும் என்று, இறுதியில் அழுத்தந்திருத்தமாக, "ஐ எம் வெரி டிஸ்கஸ்டிங்" என்று முடித்தேன்.

வகுப்பு ஒரு விநாடி அமைதியாயிற்று. அடுத்த விநாடி சிரிப்பு வெடித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த தோழிதான் மெல்லச் சொன்னாள்: "நீ குளியலறையைச் சொல்லலப்பா, உன்னையே சொல்லிக்கிட்ட." அதாவது, 'நான் மிகவும் அருவருக்கத்தக்கவள்' என்று நாற்பது பேர் முன்னிலையில் அறிக்கை விட்டிருக்கிறேன்!

அன்றைய வெட்கம் ஆறுவதற்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்று தேடத் தொடங்கினேன். அகராதியில் ஒரு சொல்லைத் தேடப் போனவள், வேறொன்றையும் கண்டுகொண்டு திரும்பினேன். அதைத்தான் வாசகர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாவில் பிறந்த சொல்

'டிஸ்கஸ்ட்' என்பதற்கு நம் அகராதிகள் அருவருப்பு, வெறுப்பு, குமட்டல் என்றெல்லாம் பொருள் தருகின்றன. இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'குஸ்தூஸ்' என்றால் இலத்தீனில் சுவை. அதன் முன்னால் 'டிஸ்' எனும் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து, பிரெஞ்சு மொழி வழியாக, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. ஆக, இதன் முதற்பொருள் 'சுவைக்கு ஒவ்வாமை' என்பதுதான். வாயில் வைத்தது பிடிக்காமல் நாக்கு வெளியே தள்ளுகிறதே, அந்தச் செயல்தான் சொல்லாகியிருக்கிறது. ஆர்வத்தோடு ஒன்றைச் செய்வதற்கு ஆங்கிலத்தில் 'கஸ்டோ' என்றொரு சொல் உண்டு. அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று அள்ளி உண்கிறது, மற்றொன்று துப்புகிறது.

தொடக்கத்தில் இச்சொல்லுக்கு இன்றைய கடுமை இல்லை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், நடன விருந்துக்கு வரும் டார்சி எனும் செல்வந்தரின் செருக்கான நடத்தை ஊராரிடையே 'டிஸ்கஸ்ட்' உண்டாக்கியதாக எழுதுகிறார். அங்கே யாருக்கும் குமட்டவில்லை. மனம் கசந்தது, அவ்வளவே. காலப்போக்கில்தான் அச்சொல்லில் நாற்றமும் அழுகலும் புழுவும் வந்து ஏறிக்கொண்டன. பழைய ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

வினைச்சொல்லிலிருந்து 'டிஸ்கஸ்டிங்' எனும் பெயரடை கிளைத்தது. அருவருப்பை உண்டாக்கும் இயல்புடையது என்று பொருள். என்னைக் கவிழ்த்ததும் இதுதான்.

'இங்' ஒரு பக்கம், 'எட்' ஒரு பக்கம்

ஆங்கிலத்தில் உணர்ச்சி வினைகள் பலவற்றிலிருந்து இரண்டு பெயரடைகள் பிறக்கும். 'இங்' என்று முடிவது உணர்ச்சியை உண்டாக்கும் பொருளைக் குறிக்கும். 'எட்' என்று முடிவது உணர்ச்சியை அடையும் ஆளைக் குறிக்கும். 'போரிங்', 'போர்ட்' ஆகிய இணையும் இப்படித்தான். பாடம் 'போரிங்', மாணவன் 'போர்ட்'. தேங்கிய தண்ணீர் 'டிஸ்கஸ்டிங்'. அதைப் பார்த்த நான் 'டிஸ்கஸ்டட்'. நான் சொல்லியிருக்க வேண்டியது "ஐ வோஸ் டிஸ்கஸ்டட்" என்பதே.

இந்த இடத்தில் நம் மாணவர்கள் ஏன் இடறுகிறோம்? அறிவுக் குறைவாலன்று. தமிழ் இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது, அதுதான் காரணம். "எனக்கு அது அருவருப்பாக இருக்கிறது" என்கிறோம். பொருளும் வாக்கியத்தில் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். பொருள் எழுவாயாக நிற்க, உணர்பவர் 'கு' எனும் நான்காம் வேற்றுமை உருபை ஏற்று 'எனக்கு' என்று பக்கத்தில் நிற்கிறார். 'அருவருப்பாக' எனும் ஒரே சொல் இருவருக்கும் பொதுவாக நடுவில் நிற்கிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்று நம் உணர்ச்சிகள் பலவும் இப்படி 'எனக்கு' என்றுதான் தொடங்குகின்றன. ஒரே சொல்லை இரு பக்கமும் பயன்படுத்திப் பழகிய நமக்கு, இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஆங்கிலம் கட்டளையிடும்போது கை நடுங்குகிறது.

மலாய் மொழி இதில் ஆங்கிலத்தோடு நிற்கிறது. 'ஜிஜிக்' என்றால் அருவருப்பு கொள்வது. அதை உண்டாக்கும் பொருளோ 'மெஞ்ஜிஜிக்கான்'. முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்துப் பிரித்துவிடுகிறார்கள். நம் இளையோர் பேச்சில் அடிக்கடி விழும் 'கெலி' என்ற மலாய்ச் சொல்லோ, கிச்சுகிச்சு மூட்டினால் வரும் கூச்சத்திற்கும் கம்பளிப்பூச்சியைக் கண்டால் வரும் கூச்சத்திற்கும் பொதுவானது. தமிழில் 'உடம்பு கூசுது' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே நிலை.

பயன்பாட்டில் இன்னும் சில குறிப்புகள். 'டிஸ்கஸ்டட்' என்பதற்குப் பின் 'அட்', 'பை', 'வித்' ஆகிய முன்னிடைச்சொற்கள் வரும். ஒரு செயலையோ காட்சியையோ கண்டு அருவருத்தால் 'அட்' அல்லது 'பை' வரும். ஓர் ஆளின்மீதோ தன்மீதோ வெறுப்புற்றால் பெரும்பாலும் 'வித்' வரும். தேர்வில் கவனக்குறைவாக விடையைத் தவறவிட்டு, என்மீது எனக்கே வெறுப்பாக இருந்தால் "ஐ எம் டிஸ்கஸ்டட் வித் மைசெல்ஃப்" என்பேன். மேலும், 'டிஸ்கஸ்டிங்' தன்னளவிலேயே உச்சத்தில் நிற்கும் சொல். ஆதலால் 'வெரி' என்பதைவிட 'அப்சலூட்லி' என்பதே அதற்கு இயல்பான துணை. என் வாக்கியத்தில் ஒன்றல்ல, இரண்டு கோளாறுகள் இருந்திருக்கின்றன!

உறவுக்காரச் சொற்கள்

அருவருப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு பெருங்குடும்பமே உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குணம்.

'ரிவோல்டிங்' என்பதில் புரட்சியைக் குறிக்கும் 'ரிவோல்ட்' இருக்கிறது. வயிறே கிளர்ந்து எதிர்க்கும் அளவுக்கு என்று கொள்ளலாம். 'ரிப்பல்சிவ்' என்பது பின்னுக்குத் தள்ளுவது. காந்தத்தின் ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்குவதை அறிவியல் பாடத்தில் இதே சொல்லின் உறவினரைக் கொண்டுதான் படிக்கிறோம். 'ரிபக்னன்ட்' என்பதன் இலத்தீன் வேருக்கு எதிர்த்துப் போரிடுதல் என்று பொருள். இது உணவுக்கு அவ்வளவாக வராது. கொள்கை, நடத்தை போன்றவற்றைக் கண்டிக்க எழுத்து நடையில் வரும். 'லோத்சம்' பழைய ஆங்கிலச் சொல். கதைகளில் மிகுதி, பேச்சில் குறைவு. 'யக்கி' குழந்தைகளின் சொல். வேலைக்கான நேர்காணலில் சொன்னால் வேலை கிடைக்காது.

'குரோஸ்' சுவையானது. இலத்தீனில் தடித்தது என்று பொருள். மொத்த வருமானத்தைச் சொல்வதும் இச்சொல்தான். பன்னிரண்டு டஜன், அதாவது 144 உருப்படிகள், ஒரு 'குரோஸ்'. அதே சொல் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க இளைஞர் வழக்கில் அருவருப்பைக் குறிக்கத் தொடங்கி, இன்று உலகெங்கும் இளையோர் வாயில் புரள்கிறது.

குமட்டலைக் குறிக்கும் 'நாசியா' கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கடற்பயணத்தில் வரும் மயக்கமும் வாந்தியுமே அதன் முதற்பொருள். இதில் நமக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. 'நாசியஸ்' என்றால் குமட்டலை உண்டாக்குவது என்றும், குமட்டல் அடைபவரை 'நாசியேட்டட்' என்றே சொல்லவேண்டும் என்றும் பழைய நடைநூல்கள் வற்புறுத்தின. ஆனால் இன்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தங்களுக்குக் குமட்டினால் "ஐ ஃபீல் நாசியஸ்" என்றுதான் சொல்கிறார்கள், அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. பொருளையும் ஆளையும் மாற்றிப்போட்டது நான் மட்டுமல்லள்!

ஒரு துண்டு இறைச்சியும் ஒரு டுரியானும்

இதுவரை இலக்கணம். இனித்தான் என்னைச் சிந்திக்கவைத்த பகுதி.

'டிஸ்கஸ்டிங்' என்று சொல்லும்போது அந்த இயல்பு பொருளுக்குள்ளேயே இருப்பதுபோல் தோன்றுகிறது. 'சிவப்பு மலர்', 'கனமான பெட்டி' என்பதுபோல, 'அருவருப்பான உணவு'. ஆனால் உண்மையில் அது உணவில் இருக்கிறதா, உண்பவரிடம் இருக்கிறதா?

இதற்கு இரண்டு சான்றுகள் கிடைத்தன. இரண்டும் அறிவியல் உலகம் நன்கறிந்த இருவருடையவை. சார்ல்ஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸல் வாலசும் இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டைத் தனித்தனியே கண்டடைந்தவர்கள். 1858ஆம் ஆண்டு இலண்டனில் ஒரே கூட்டத்தில் இருவர் கட்டுரைகளும் படிக்கப்பெற்றன.

டார்வின் 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றினார். தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள டியரா டெல் ஃபுயேகோவில் ஒரு நாள், பதப்படுத்தப்பட்ட குளிர்ந்த இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தார். அவ்வூர் மனிதர் ஒருவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, அதன் மெதுமெதுப்பைக் கண்டு முகஞ்சுளித்தார். டார்வினுக்கோ, அந்நிய மனிதர் ஒருவர் தம் உணவைத் தொட்டுவிட்டாரே என்று அருவருப்பு. அவருடைய கை அழுக்காகத் தெரியவில்லை என்பதையும் டார்வினே ஒப்புக்கொள்கிறார். மனித, விலங்கு உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி 1872இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரே இறைச்சி. அதன் இரு பக்கமும் இரண்டு மனிதர்கள். இருவருக்கும் அருவருப்பு, ஆனால் ஒருவருடைய காரணம் மற்றவருக்கு இல்லை. அப்படியானால் 'டிஸ்கஸ்டிங்' எது? இறைச்சியா, விரலா?

வாலசின் கதை நம் மண்ணிலேயே நடந்தது. 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கிய அவர், அதே ஆண்டில் மலாக்காவுக்கும் சென்றார். அங்கே முதன்முதலாக டுரியான் பழத்தைச் சுவைக்க முயன்றபோது, அதன் மணத்தைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்தால் அந்த மணமே பலரைச் சுவைக்கவிடாமல் விரட்டிவிடும் என்கிறார். பிறகு போர்னியோவில், மரத்தடியில் தானாக விழுந்து கிடந்த பழுத்த டுரியானைத் திறந்தவெளியில் உட்கார்ந்து உண்டார். அன்றே அதற்கு அடிமையாகிவிட்டார்! 1869இல் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' எனும் நூலில் அதன் சுவையைப் பக்கம் நிறையப் புகழ்ந்திருக்கிறார். டுரியான் மாறவில்லை. அதன் மணம் மாறவில்லை. மாறியவர் வாலஸ்.

இன்றும் சிங்கப்பூர் எம்.ஆர்.டி. இரயில்களில் டுரியான் கொண்டுவரக்கூடாது என்ற அறிவிப்பைக் காண்கிறோம். நம் நாட்டுத் தங்குவிடுதிகள் பலவற்றிலும் அதே தடை. அதே பழத்திற்காக, பருவம் வந்துவிட்டால் சாலையோரக் கடைகளில் நள்ளிரவு வரை கூட்டம் அலைமோதுகிறது. ஒரே பழம், ஒருவருக்குத் தேவாமிர்தம், மற்றவருக்கு 'டிஸ்கஸ்டிங்'.

ஆக, 'டிஸ்கஸ்டிங்' என்பது பார்ப்பதற்குப் பொருளைப் பற்றிய சொல். உண்மையில் சொல்பவரைப் பற்றிய சொல். ஆனால் 'இங்' விகுதி அந்தச் சொல்பவரை மறைத்துவிடுகிறது. "தட் இஸ் டிஸ்கஸ்டிங்" எனும் வாக்கியத்தில் 'நான்' எங்கே? காணவில்லை. தமிழில் 'எனக்கு' என்று பொறுப்பேற்றுக்கொண்டு பக்கத்தில் நின்ற ஆள், ஆங்கிலத்தில் மெல்ல நழுவிவிடுகிறார். பொருள் மட்டும் குற்றவாளிக் கூண்டில் தனியே நிற்கிறது.

தமிழிலும் 'சீ, அருவருப்பு!' என்று 'எனக்கு' இல்லாமல் சொல்ல முடியும், சொல்கிறோம். ஆங்கிலத்திலும் 'எனக்கு' என்பதைச் சொல்ல வழியில்லாமல் இல்லை. "ஐ ஃபைண்ட் இட் டிஸ்கஸ்டிங்" என்றால், 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்று ஆகிவிடும். 'ஃபைண்ட்' எனும் அந்தச் சிறு வினை நம் நான்காம் வேற்றுமையின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் கற்கும் தம்பி தங்கையருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இப்போது இந்த வாக்கியத்தைத்தான்.

ஒட்டிக்கொள்ளும் அழுக்கு

இதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா என்று நீங்கள் கேட்கலாம். அருவருப்புக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கோபம் ஆறும், அச்சம் தெளியும், அருவருப்போ ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியல் அறிஞர் பால் ரோசினும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கிருமிகள் முற்றாக நீக்கப்பட்ட, செத்த கரப்பான்பூச்சி ஒன்றைப் பழச்சாற்றில் ஒரு கணம் நனைத்து எடுத்தார்கள். தீங்கில்லை என்பது தெரிந்தும், அந்தச் சாற்றைக் குடிக்க மக்களுக்கு மனம் வரவில்லை. பட்டது ஒரு கணம். ஆனால் சாறு முழுவதும் கெட்டுவிட்டதாக மனம் முடிவு கட்டிவிட்டது. அறிவு 'சுத்தம்' என்கிறது. மனம் 'பட்டுவிட்டது' என்கிறது. தீண்டாமையின் கொடுமையை வரலாற்றில் படித்திருக்கும் நமக்கு இந்த மனக்கணக்கு புதிதன்று.

இவ்வுணர்ச்சி உணவோடு நிற்பதுமில்லை. கையூட்டு வாங்கியவனையும், ஏழைத் தொழிலாளியின் சம்பளத்தை ஏப்பம் விட்டவனையும் ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்டிங்' என்கிறார்கள். நாமும் 'அவன் பேச்சைக் கேட்டாலே குமட்டுது' என்கிறோம். இது வெறும் உவமை மட்டுமன்று போலும். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கசப்பான நீரைக் குடித்தபோதும், அருவருப்பான படங்களைப் பார்த்தபோதும், பணம் பங்கிடும் விளையாட்டில் அநியாயமாக நடத்தப்பட்டபோதும், மேலுதட்டை உயர்த்தும் அதே முகத்தசை இயங்கியதைக் கண்டார்கள். நாவில் பிறந்த உணர்ச்சி நீதிமன்றம் வரைக்கும் போகிறது.

அநீதிக்கு எதிராக முகம் சுளிப்பது நல்லதுதான். ஆனால் அதே சொல், குற்றம் எதுவும் செய்யாத மனிதர்மீதும் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. என் அனுபவம் இரண்டைச் சொல்கிறேன்.

நான் படிவம் இரண்டில் படித்தபோது, பாட்டி சமைத்த கருவாட்டுக் குழம்பை ஒரு நாள் பள்ளிக்குக் கொண்டுபோனேன். சிற்றுண்டிச்சாலையில் மூடியைத் திறந்ததும், எதிரே இருந்த மாணவி மூக்கைப் பொத்திக்கொண்டு "டிஸ்கஸ்டிங்!" என்றாள். மேசையிலிருந்த மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் குழம்பைத்தான் சொன்னாள். ஆனால் அன்று மாலை வரை என் கைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். மறுநாளிலிருந்து ரொட்டியும் காயாவும்தான். கருவாடு ஏன் அப்படியே திரும்பி வந்தது என்று பாட்டி கேட்டபோது, பசியில்லை என்று பொய் சொன்னேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே சொல்லை நான் சொன்னேன்.

பாட்டிக்கு இனிப்புநீர். காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் பெரிதாகி, படுக்கையில் விழுந்துவிட்டார். நாள்தோறும் கட்டுப் பிரித்துக் கழுவி மாற்ற வேண்டும். அம்மாதான் செய்வார். ஒரு நாள் மாலை பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னை அழைத்தார். கட்டுப் பிரிந்ததும் வந்த வாடையில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. தம்பியைப் பார்த்து, பாட்டிக்குப் புரியாது என்ற துணிவில், "சோ டிஸ்கஸ்டிங்" என்றேன்.

"என்னா தாயி சொன்ன?" என்றார் பாட்டி.

"ஒன்னுமில்ல பாட்டி."

பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம், போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்வார். 'இங்' விகுதிக்கும் 'எட்' விகுதிக்கும் வேறுபாடு அறியாத அவருக்கு, நான் எதைச் சொன்னேன் என்பது சரியாகவே புரிந்திருந்தது.

இளிவரல்

பல்கலைக்கழகத்தில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்தபோது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படித்தேன். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று வகுத்து, அவை எட்டு என்கிறார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றுள் அருவருப்புக்கு அண்மையில் நிற்பது இளிவரல். அது 'டிஸ்கஸ்ட்' என்பதற்கு நேர்ச்சொல் அன்று. இழிவு கண்டு உள்ளம் சுருங்குவது என்று சொல்லலாம்.

என்னை நிறுத்தியது அதன் பெயரன்று. அது பிறக்கும் இடங்கள். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் இளிவரலுக்கு நிலைக்களன்கள் என்கிறது நூல். மென்மை என்பது இங்கே வலிமையின்மை, எளிமை. அழுகிய இறைச்சியோ புழுவோ கரப்பான்பூச்சியோ அந்தப் பட்டியலில் இல்லை. மனிதராகப் பிறந்த எவருக்கும் வரக்கூடியவையே இருக்கின்றன. அதோடு, இவை பிறரிடம் தோன்றினாலும் தன்னிடம் தோன்றினாலும் இளிவரல் பிறக்கும் என்று உரையாசிரியர் விளக்குகிறார்.

நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது பாட்டியின் அறைதான் கண்முன் வந்தது. நான்கும் அங்கே இருந்தன. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குள் ஒரு இளிவரல். போர்வைக்கு அடியில் காலை மறைத்துக்கொண்ட பாட்டிக்குள் இன்னொரு இளிவரல். அவருடையது பிணியால் வந்தது. அதன்மேல் நான் ஒரு சொல்லையும் வைத்துவிட்டேன்.

நல்வாய்ப்பாக, அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. பல்கலைக்கழக நுழைவுக்குக் காத்திருந்த மாதங்களில் அம்மாவுக்குக் கைவலி வந்துவிட, கட்டு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. கிளினிக் தாதி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். வாடை கடைசிவரை வாடையாகத்தான் இருந்தது. அது நறுமணமாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஒவ்வாமை எனக்கு உள்ளது, பாட்டியிடம் உள்ளதன்று என்று மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். எனக்கு உள்ளதை நான்தானே சமாளிக்க வேண்டும்? மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நான் உள்ளே போனபோது பாட்டி போர்வையை இழுக்கவில்லை. "கருவாட்டுக் குழம்பு வச்சு எத்தன நாளாச்சு, அம்மாவ வைக்கச் சொல்லேன்" என்றார். அன்றிரவு இருவரும் சேர்ந்து உண்டோம். நான் முதலாம் ஆண்டை முடிப்பதற்குள் பாட்டி மறைந்துவிட்டார்.

நிறைவாக

'டிஸ்கஸ்டிங்' என்ற சொல்லை நாம் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அடைத்துக்கொண்ட வடிகாலுக்கு அது பொருத்தமான சொல். அடுத்தவன் உழைப்பைச் சுரண்டுபவனின் செயலுக்கும் பொருத்தமான சொல்தான். ஆனால் இன்னொருவருடைய உணவைப் பார்த்தும், இன்னொருவருடைய உடலைப் பார்த்தும் அச்சொல் நாவின் நுனிக்கு வரும்போது, 'யாருக்கு?' என்ற ஒரு கேள்வியை அதன் முன்னால் நிறுத்திப் பாருங்கள். 'எனக்கு' என்ற விடை வந்துவிட்டால், அச்சொல்லின் பாதிக் கொடுக்கு உதிர்ந்துவிடும். மீதிப் பாதியை விழுங்கிக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் குமட்டாது.

வகுப்பில் நான் சொன்ன அந்தப் பிழையான வாக்கியத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. குளியலறையைப் பொறுத்தவரை அது பிழைதான். ஆனால் பாட்டியின் காலைப் பார்த்து நான் வாய்திறந்த அந்த மாலையில் யாரேனும் என்னைப் பார்த்து அதையே சொல்லியிருந்தால், இலக்கணத்தில் குற்றம் காண முடியாது.